இரண்டு பேரின் அடக்கம்

ஹம், 6 ஒக்ரோபர் 2024

என் ஒரே மருமகனும் தற்சமயம் ஜெர்மன் அரசாங்கத்தின் விருந்தாளியுமான தாரகனுக்கு,

லிப்ப ஆற்றின் வடகரையையும் தென்கரையையும் ஒருசேர ஆளுகின்ற உன் மாமா பரராசசிங்கம் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்திருக்கிறேன். மீறினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

முதலில் அம்மாவின் செய்தி. அவவுக்குச் சின்னத் தடிமன் பிடித்தது. தும்மின தும்மலில் ஒல்லாந்துக் காற்றாலைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கிவிட்டன. பதினேழு வைத்தியர்கள் ஓடிவந்து கைவிட்டார்கள். கடைசியில் கொத்தமல்லிக் குடிநீரில் சரியாயிற்று. உனக்கு எழுத வேண்டும் என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினா. அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தது மாலையில்தான் தெரிந்தது.

இனி அரச காரியம். போன மாதம் கல்யாண மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் நீ உன் கூட்டாளி றெக்ஸை அடித்தாய். ஒரே ஒரு அடி. அவன் விழுந்தது கொங்கிறீற் விளிம்பில். மண்டையில் தையல். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். நடக்கிறான், கதைக்கிறான், கடையில் மீன் விலை பேசுகிறான். ஆகவே நீ கொலைகாரன் அல்ல, அவசரக்காரன். நவம்பரில் உன்னை வெளியே விடலாமா என்று நீதவான் பார்க்கிற தெர்மின், அதாவது நீதிமன்றத் தவணை, இருக்கிறது. உன் வழக்கறிஞர் லவினியா, வுப்பர்டாலில் பிறந்த பிள்ளை, தமிழ் கதைப்பா, வாசிக்கத் தெரியாது. அவ சொல்கிறா, பொறுமையாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வரலாமாம்.

நான் கம்பித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் ரோமராக வேடம் போடுகிற குழுவில் இருப்பது உனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் பழைய ரோமப் பாசறை இருந்த இடத்தில் ஈட்டியோடு நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதுதான் எங்கள் தொண்டு. முதலில் எனக்கு அடிமை வேடம் தந்தார்கள். நான் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்து (காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில்) செனற்றர் ஆனேன். குழுத்தலைவர் ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார். அவர் சொன்னதைக் கேள். ரோமப் படைகள் 'ஒழுங்கு' என்பதை ஒரு தெய்வமாகவே வைத்துக் கும்பிட்டனவாம்! தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாதவனுக்குச் சுதந்திரத்தைக் கொடுப்பது குழந்தை கையில் கொள்ளிக்கட்டையைக் கொடுப்பது மாதிரி என்று அவர்கள் நினைத்தார்களாம்.

இன்னொன்று. ரோமர்களுக்கு றெக்ஸ் என்ற சொல்லே ஆகாது. லத்தீனில் றெக்ஸ் என்றால் அரசன். கடைசி றெக்ஸை ஊரைவிட்டு விரட்டிய பிறகுதான் அவர்களுக்குச் சுதந்திரமே வந்தது. அதற்குப் பிறகு எவனாவது றெக்ஸாகப் பார்த்தால் அவன் கதை அன்றோடு சரி. நம்முடைய றெக்ஸுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

அவர்கள் கோயில் கட்டிக் கும்பிட்டதை நாங்கள் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுவோம். அடக்கம். உனக்கு அடக்கம் வேண்டும். றெக்ஸுக்கு அதைவிட அவசரமாக அடக்கம் வேண்டும். இரண்டு பேரின் அடக்கத்தையும் நானே முன்னின்று நடத்திவைப்பேன். அன்றைக்குத்தான் உன் அம்மா நிம்மதியாகத் தூங்குவா.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

இங்ஙனம்,
லிப்பக்கரையின் நிரந்தர செனற்றர்,
மாமா பரராசசிங்கம்


2 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

தாரகன் எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வாசித்தது மருந்து குடித்தது போல இருந்தது.

உங்கள் கடிதம் நான்கு கிழமை கழித்துத்தான் என் கைக்கு வந்தது. தமிழ்க் கடிதம் என்றால் முதலில் மொழிபெயர்ப்பாளரிடம் போகிறது. அவர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், மாற்றி, நீதிமன்றம் வாசித்து, அதன்பிறகுதான் எனக்கு. டொச்சில் எழுதினால் நீங்கள் பதில் போடமாட்டீர்கள் என்பதால் நானும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழைத் தட்டியெடுத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

செனற்றர் கதையை வாசித்துச் சிரித்ததில் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான். இங்கே வந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மாமா, றெக்ஸ் அன்று என்ன சொன்னான் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. பொலிசிலும் சொல்லவில்லை. இடையில் யார் வாசித்தாலும் பரவாயில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சொல்லாதீர்கள். என் வான் வாகனத்தில் கல்யாணத்துக் கதிரை ஏற்றுவதில்தான் வாய்த்தர்க்கம் தொடங்கியது. நாலு பேர் நிற்கும்போது சொன்னான்: “என்னடா பெரிய முதலாளி, கொம்மா ஆசுப்பத்திரியில கக்கூஸ் கழுவித்தானே உனக்கு வான் வந்தது.” நாலு பேரும் சிரித்தார்கள். கை தானாகப் போய்விட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான்தான் அனுப்பினேன்.

அம்மாவை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும்.

அன்புடன்,
தாரகன்


20 நவம்பர் 2024

மாமா,

சுகம் கேட்க இன்றைக்கு மனமில்லை.

நேற்று தெர்மின். என்னை விடவில்லை. லவினியா எல்லாம் நன்றாகத்தான் பேசினா. பிறகு அரசதரப்பு ஒரு தாளை எடுத்து வாசித்தது. உங்கள் கடிதத்தின் மொழிபெயர்ப்பு. அடக்கம் என்ற சொல்லை, மரண அறிவித்தலில் போடுகிற நல்லடக்கம் என்று எடுத்திருக்கிறார்கள். 'றெக்ஸை அவசரமாகப் புதைக்க வேண்டும். இரண்டு பேரையும் புதைப்பதை நானே முன்னின்று நடத்துவேன். அன்றைக்குத்தான் உன் அம்மா நிம்மதியாகத் தூங்குவா.' அதற்குமேல் ரோமர்கள் றெக்ஸாகப் பார்த்தவனை என்ன செய்தார்கள் என்கிற வரியும். றெக்ஸ் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் புதைகுழி இன்னும் பொருத்தமாகப் போய்விட்டது.

நான் எழுந்து, 'அது Begräbnis இல்லை, Selbstbeherrschung', புதைப்பது இல்லை, தன்னைக் கட்டுப்படுத்துவது என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டதையும் பதிந்துகொண்டார்கள்.

சாட்சியைக் குடும்பம் மிரட்டுகிறதாம். வழக்கு முடியும்வரை உள்ளே. நீங்களும் அம்மாவும் என்னைப் பார்க்க வரவும் தடை.

மாமா, ஒரு கடிதத்தைச் சாதாரணமாக எழுத உங்களுக்கு வராதா?

தாரகன்


ஹம், 25 நவம்பர் 2024

அன்பு மருமகனுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் யாராவது ஆம்புலன்ஸ் அனுப்பிவிடுவார்கள். ஆகவே இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

இதை மொழிபெயர்க்கின்ற பெருந்தகைக்கு முதலில் என் வணக்கம். ஐயாவோ அம்மாவோ, நீங்கள் யாராக இருந்தாலும் கேளுங்கோ. நான் அறுபத்தெட்டு வயதுக் கிழவன். கோழியைக்கூடக் கடையில் வெட்டித்தான் வாங்குவேன். நான் எழுதியது பணிவு, பொறுமை, தன்னைத் தான் ஆளுதல். அந்தச் சொல்லை இனி நான் இந்தப் பிறவியில் எழுதப்போவதில்லை. அதற்கு இரண்டு பொருள் வைத்தவன் என் கையில் அகப்பட்டால்... அகப்பட்டால் அவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன். தேத்தண்ணிக்கு வேறு பொருள் இல்லை.

தாரகன், உன் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மேல்மாடிக்கு ஏறிவந்து சொன்னா: “அண்ணை, உங்கட பகிடியால என்ர பிள்ளை உள்ளுக்கை கிடக்குது. உங்கட வாயை ஒருக்கா மூடிக்கொண்டு இருக்கேலாதோ?” நான் மூடிக்கொண்டு இருந்தேன். படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினா.

லத்தீன் வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னேன். ரோமாபுரியில் சென்சர் என்று ஒரு பெரிய உத்தியோகத்தன் இருந்தானாம். குடிமக்களை எண்ணுவதும், எவன் ஒழுக்கம் தவறினான் என்று பார்ப்பதும் அவன் வேலை. அவனுக்குப் பிடிக்காவிட்டால் செனற்றரின் பெயரையே வெட்டிவிடுவானாம். ஆகவே உன் மாமா முறைப்படி வெட்டப்பட்டான்.

ஒரு நல்ல செய்தியும் சொன்னார். அங்கே ஓர் அடிமையை விடுதலை செய்யும்போது, எசமான் அவன் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி விட்டுவிடுவானாம். அவ்வளவுதான். சுற்றி முடிக்கும்போது அவன் சுதந்திர மனிதன். கோபம் உன்னைப் பிடிக்க வந்தால் நீ உன்னையே ஒரு சுற்றுச் சுற்றிவிடு. எசமானும் நீ, விடுபட்டவனும் நீ.

லவினியா வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறா. அம்மா சுகம்.

முன்னாள் செனற்றர்,
மாமா


6 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

புதுவருட வாழ்த்து. நான் சுகம். அன்றைக்கு எழுதியதற்கு மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் வர ஆறு கிழமை எடுத்தது. மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் எழுதியதையும் மொழிபெயர்க்கத்தானே வேண்டும்! தேத்தண்ணியை மூன்று பேர் ஆராய்ந்தார்களாம். இங்கே ஒரு காவலர் நல்ல மனுசன். கட்டையான கடிதம் ஒரு கிழமையில் வந்துவிடும், நீளமானதுதான் கிடப்பில் போகும் என்றார். அதனால் மாமா, கட்டையாக எழுதுங்கள். பகிடி வேண்டாம். உவமை வேண்டாம். காற்றாலை வேண்டவே வேண்டாம்.

சுற்றுகிற வித்தையைச் செய்துபார்த்தேன். முற்றத்தில் ஒருவன் தினமும் என் தோளில் இடிப்பான். முந்தநாள் இடித்தபோது, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நடந்தேன். இப்போது எனக்கு இங்கே பட்டப்பெயர் 'டான்ஸர்'. இடிப்பதை விட்டுவிட்டான். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

வழக்கு மார்ச் கடைசியில். இதுவரை ஒரு முறைப்பாடும் இல்லாமல் இருந்தால், தண்டனையை வெளியே இருந்து கழிக்கலாம் என்று லவினியா நம்புகிறா. ஒரு தரம் கை ஓங்கினாலும் எல்லாம் போச்சு.

டிசம்பரில் நத்தார் வாழ்த்தாக அம்மாவின் அட்டை வந்தது. எழுத்து ஏன் இப்படிச் சரிந்திருக்கிறது? கண்ணாடியை உடைத்துவிட்டீர்களா?

அன்புடன்,
தாரகன்


ஹம், 15 ஜனவரி 2025

மருமகனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

மழை பெய்கிறது. நேற்றுப் பொங்கினோம். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அம்மாவுக்கு இருமல். எழுத அலுப்பாக இருக்கிறதாம். கண்ணாடி உடையவில்லை.

பொறுமையாக இரு.

மாமா


23 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் ஆறாம் நாளே வந்துவிட்டது. நன்றி.

ஆனால் அதை வாசிக்க, யாரோ உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது போல இருந்தது. பரவாயில்லை. மார்ச்சுக்குப் பிறகு எல்லாவற்றையும் வட்டியோடு சொல்லுங்கள்.

அம்மாவின் இருமலுக்குக் கொத்தமல்லி கொடுங்கள்.

தாரகன்


ஹம், 2 பெப்ரவரி 2025

மருமகனுக்கு,

நலம். உன் நலத்தையே நினைத்திருக்கிறோம்.

அம்மாவை ஆசுப்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. நீ கேட்டால் காவலரோடு ஒருதரம் கூட்டிவந்து காட்டுவார்களாம். விரும்பினால் லவினியாவிடம் சொல். விரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று அம்மா சொல்லச் சொன்னா.

பொறுமை.

மாமா


9 பெப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். அம்மா இந்தக் கடிதம் வருவதற்குள் வீட்டுக்கு வந்திருப்பா என்று நினைக்கிறேன்.

உங்கள் அளவுகோல் எனக்குத் தெரியாதா மாமா? உங்களுக்கு முழங்கால் நொந்தபோது எமனுடைய எருமை எங்கள் பல்கனியில் கட்டியிருக்கிறது, வைக்கோல் வாங்கி வா என்றீர்கள். அம்மாவின் தடிமனுக்கே பதினேழு வைத்தியர். நீங்களே 'பயப்பட ஒன்றுமில்லை' என்று எழுதினால், காலில் நகச்சுற்று என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு அவவைப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்றால் அது இந்த நாட்டு ஆசுப்பத்திரியின் தாராளம்.

காவலரோடு வருவதைப் பற்றி இரவிரவாக யோசித்தேன். அந்த ஆசுப்பத்திரியின் தரையை அம்மா இருபது வருடமாகத் துடைத்திருக்கிறா. தாதிமார், வைத்தியர், வாசலில் நிற்கிற ஆள், எல்லாருக்கும் அவவைத் தெரியும். எல்லாரிடமும் என் படத்தைக் காட்டியிருக்கிறா. அந்தத் தரையில் நான் கைவிலங்கோடு நடந்தால், றெக்ஸ் சொன்னதைவிடக் கேவலமான ஒன்றை நானே அவவுக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பார்க்க ஆசையில்லை என்று நினைக்காதீர்கள். சரியான ஆசை. அதனால்தான் கேட்கவில்லை. ஆசைப்பட்டதை வாய்விட்டுக் கேட்காமல் இருக்கப் பழகுவதுதானே நீங்கள் சொன்ன... அந்தச் சொல்லை நானும் எழுதவில்லை. மார்ச் கடைசியில் என் காலால் நடந்து வருவேன். ஒரு பூங்கொத்தும் வாங்கிக்கொண்டு வாசலால் வருவேன். அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. கிடப்பில் போடப்போகிறார்கள்.

அன்புடன்,
தாரகன்


ஹம், 24 பெப்ரவரி 2025

தாரகன்,

இந்தக் கடிதத்துக்கு முன் லவினியா வந்து சொல்லியிருப்பா. நேற்றுக் காலை அம்மா போய்விட்டா. நித்திரையில்.

உன் கடிதம் இன்றைக்கு வந்தது.

மாமா


டார்ம்ஸ்டாட், 30 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே இருக்கிற ஊரைப் பார்த்துத் திகைக்காதீர்கள். புதன்கிழமை என்னை விட்டுவிட்டார்கள். என்னோடு படித்த முகுந்தின் அறையில் இருக்கிறேன். ஹம்முக்கு ரயில் ஏறத்தான் போனேன். மேடையில் நின்றுவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறிவிட்டேன். அந்த வீட்டுக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

வழக்கில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். றெக்ஸ் சாட்சி சொல்ல வந்தான். நான் அடித்ததைச் சொன்னான். அதற்குமுன் தான் என்ன சொன்னான் என்பதையும், யாரும் கேட்காமலே, ஒரு சொல் குறைக்காமல் சொன்னான். கக்கூஸ் என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். றெக்ஸே டொச்சில் சொன்னான். உங்கள் கடிதத்தைப் புது மொழிபெயர்ப்பாளர் திருத்திக் கொடுத்திருந்தார். நீதவான் அதை வாசித்துச் சிரித்தார். நான்கு மாதம் பிந்திய சிரிப்பு.

அம்மாவின் கடைசிச் சடங்குக்கு என்னைக் கூட்டிவர லவினியா கேட்டா. சாட்சி அங்கே வருகிறபடியால் முடியாது என்று பதில் வந்தது. அம்மா போன செய்தியை எனக்குச் சொன்ன அன்று, கதவுக்கு வெளியே இரண்டு காவலர் தயாராக நின்றார்கள். நான் உடைப்பேன், அடிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். அதை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நீதவான் தீர்ப்பில் வாசித்தார்: தாய் இறந்த செய்தியின்போதும் இவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டார், ஆகவே இவர் மாறியிருக்கிறார் என்று நம்பலாம். அம்மாவுக்கு நான் அழாதது என் நன்னடத்தை, மாமா. அதற்குத்தான் என்னை விட்டார்கள்.

இன்னும் அழவில்லை. வரவில்லை. கோபமும் வரவில்லை. முகுந்தின் அம்மா ரெலிபோனில் ஏதோ கேட்டா, நான் 'நல்லாயிருக்கிறேன்' என்றேன். அது உண்மை போலவே கேட்டது.

ஒன்று கேட்கிறேன். இப்போது எங்கள் கடிதங்களை யாரும் திறப்பதில்லை. அம்மாவின் சடங்கைப் பற்றி எனக்கு எழுதுங்கள். பழையபடி எழுதுங்கள். ஹம் முழுக்கத் திரண்டது என்று எழுதுங்கள். ஆறு நின்றது என்று எழுதுங்கள். யானை வந்தது என்று எழுதினாலும் நம்புகிறேன்.

தாரகன்


ஹம், 5 ஏப்ரல் 2025

அன்பு மருமகனுக்கு,

நீ வெளியே, அதுவும் ஒரு தெரிந்த பிள்ளையின் அறையில் இருக்கிறாய் என்று அறிந்து மூச்சு வந்தது. நான் சுகம். முழங்கால் மட்டும் நோகிறது. எருமை ஒன்றும் இல்லை.

நீ கேட்டபடி எழுதத்தான் இருந்தேன். ஹம் நகரத்து ரயில்கள் எல்லாம் அன்று நின்றன என்று தொடங்கினேன். பார்த்தால், உண்மையாகவே அன்றைக்கு வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. அதனால் பலர் வரவும் இல்லை. வெட்டிவிட்டேன். லட்சம் பேர் என்று எழுதினேன். வெறுங்கதிரைகள் கண்ணுக்குள் வந்தன. வெட்டிவிட்டேன். எனக்கு வரவில்லை மருமகன். மூன்று மாதம் கட்டையாக எழுதியதில் அந்த நரம்பு அறுந்துபோயிற்றோ என்னவோ.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஆசுப்பத்திரியில் அவவோடு துப்புரவு வேலை செய்த பெண்கள் வேலை உடுப்போடே வந்தார்கள், இடைவேளையில். அவர்களுக்குத் தேவாரம் விளங்கவில்லை. ஆனாலும் கடைசிவரை நின்றார்கள். பெட்டியைத் தூக்க ஒரு பக்கம் ஆள் போதவில்லை. பின்னால் சுவரோரம் நின்ற றெக்ஸ் முன்னுக்கு வந்தான். என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “நான் பிடிக்கலாமோ அங்கிள்? இல்லையெண்டால் போறன்.” நான் தலையை ஆட்டினேன். நீ நிற்கவேண்டிய இடத்தில் அவன் நின்றான். தையல் போட்ட இடத்தில் இன்னும் மயிர் முளைக்கவில்லை. மழையில் அந்த இடம் பளபளத்தது. அவனை நான் என்னவெல்லாமோ செய்யப்போகிறேன் என்று தாளில் எழுதிவைத்திருந்தார்கள். நான் அவனுக்குக் குடை பிடித்தேன்.

இனி எழுத வேண்டியது. கார்த்திகை மாதமே அம்மாவுக்குத் தெரியும். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். வைத்தியர் அறையை விட்டு வெளியே வந்து, நடையிலேயே என் கையைப் பிடித்துச் சொன்னா: “அண்ணை, இதில ஒரு சொல்லும் அவனுக்கு எழுதாதேங்கோ. அறிஞ்சால் உள்ளுக்கை ஆரையாவது அடிச்சுப்போடுவான். மார்ச் முடியட்டும்.” என் வாயால் ஒருமுறை நீ உள்ளே இருக்க நேர்ந்தது. இரண்டாம் முறை வேண்டாம் என்று நானும் விழுங்கிக்கொண்டேன்.

பெப்ரவரியில் அவவுக்கு மனம் ஆறவில்லை. நான் எழுத உட்கார்ந்தபோது சொன்னா: “வரச்சொல்லி எழுதாதேங்கோ. வரலாம் எண்டு மட்டும் எழுதுங்கோ.” அப்படியே எழுதினேன். பயப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் நானாகச் சேர்த்தேன். அளவாக, பணிவாக, இரண்டே இரண்டு சொல். நான் என் ஆயுளில் அளந்த பொய்களிலேயே ஆகப் பெரியது அதுதான் தாரகன். மற்றதெல்லாம் பொய் என்று தெரிந்து நீ சிரிக்க இருந்தது. இது ஒன்றைத்தான் நீ நம்பினாய். பழைய மாமாவாக இருந்திருந்தால் வானம் இடிந்து விழுகிறது, பறந்து வா என்று எழுதியிருப்பேன். நீ அதில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சப் பாதிக்காவது வந்திருப்பாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்பா: “தபால்காரன் வந்தவனோ?” இல்லை என்பேன். கடைசிக் கிழமையில் கேட்பதை விட்டுவிட்டா. ஒரு நாள் யன்னலைப் பார்த்துக்கொண்டு தானாகவே சொன்னா: “வராட்டிலும் நல்லதுதான் அண்ணை. பிள்ளை பொறுமையாய் இருக்கப் பழகிட்டான் எண்டு அர்த்தம்.” அதைச் சொல்லும்போது அவவுக்கு முகம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

உன் கடிதம் வந்தபோது வாசித்துக்காட்ட ஆள் இல்லை. அவவின் சமையலறையில் நின்று சத்தமாக வாசித்தேன். நகச்சுற்று என்ற இடத்தோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் வாசித்தேன்.

ரோம உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் சொன்னதில் பிழை இருக்கிறது என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. எங்கள் மூன்று பேரிலும் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் அதைச் சரியாகக் கடைப்பிடித்தோம் என்பது மட்டும் தெரியும். அவ கேட்கவில்லை. நீ கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

நீ கோபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வரவேண்டும். அது வருகிற இடம் நான்தான். கதவை நீ திறக்கவேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ரயிலில் ஏறு. எந்த ரயில் என்றாலும் சரி, எத்தனை மணிக்கு என்றாலும் சரி, மேடையில் நிற்பேன். இறங்கியதும் சுகம் விசாரிக்காதே. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராதே. அந்த இடத்திலேயே தொடங்கு.

உன் அம்மாவின் அண்ணை